முதலில் போனவன்

கபடியில் அவுட் ஆனவன் போய் உட்காருவதற்கு ஓர் இடம் உண்டு. ஆடுகளத்தின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி. மேட் விரித்த அரங்குகளில் அதை சிட்டிங் பிளாக் என்பார்கள். சூளகிரிப் பக்கத்து ஊர்களில் பொங்கல் கழிந்து நடக்கும் மின்னொளிப் போட்டிகளில் அது சுண்ணாம்புத் தூளால் இழுத்த ஒரு கோடு மட்டும்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி இரவில், எங்கள் அணியில் இடது ஓரத்தில் நின்று பிடிக்கும் லெஃப்ட் கார்னர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஏழு தடவை போய் உட்கார்ந்தான். ஏழு தடவையும் அவனை அங்கே அனுப்பியவர் ஒரே ஆள்.

பையனுக்கு அப்போது 19 வயது. ஊத்தங்கரைப் பக்கம். ஐடிஐ முடித்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு அப்ரண்டிஸாக வந்தவன். ஊரில் மண் தரையில் ஆடிய கால். வலு உண்டு, வேகம் உண்டு, பயம் கிடையாது. பயமில்லாததுதான் அவன் குறை என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். எதிரணியில் வந்தவர் பெங்களூருக்காரர். கபடியால் வேலை வாங்கியவர். கர்நாடக எல்லைக்கு இரண்டு பக்கமும் எந்த ஊரில் போட்டி என்றாலும் அவர் வருகிறார் என்று தெரிந்தால் கூட்டம் இரட்டிப்பாகும். முப்பது வயதிருக்கும். ரெய்டுக்கு வரும்போது அவசரமே இருக்காது. பழைய ஆட்கள் ரெய்டு போவதைப் பாடிப் போவது என்பார்கள். அவர் உண்மையில் பாடிக்கொண்டுதான் வருவார், கபடி கபடி என்ற அந்தச் சொல் அவர் வாயில் தாலாட்டு மாதிரி இருக்கும்.

முதல் தடவை, கையை நீட்டி ஆசை காட்டினார். பையன் கையைப் பார்த்தான். கால் விரல் நுனி வந்து அவன் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனது. இரண்டாவது தடவை அவன் கையைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தான். பாய்ந்தான். அவன் பாய்வதற்கு ஒரு கணம் முன்னாலேயே அந்தக் கால் அங்கிருந்து எழும்பிவிட்டிருந்தது, மண்ணைப் பிடித்தான். மூன்றாவது தடவைதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கணுக்காலை இரண்டு கையாலும் பூட்டிவிட்டான். சுத்தமான பிடி. ஆனால் ரெய்டர் திரும்பிக் கிளம்பிய பிறகு பிடித்த பிடி, ஒரு நொடி பிந்தியது. கவர் ஆட்கள் இருவர் ஓடிவந்து மேலே விழுந்தார்கள். அந்த மனிதர் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு, மார்பால் ஊர்ந்து, நடுக்கோட்டில் உள்ளங்கையை வைத்தார். ஒரு பிடிக்கு மூன்று பேர் வெளியே. நான்காவது தடவை பையன் பாயவே இல்லை. நின்ற இடத்தில் நின்றான். அவர் சாவகாசமாக வந்து தொட்டுவிட்டுப் போனார்.

மிச்ச மூன்றையும் எழுத மனம் வரவில்லை.

இந்த ஆட்டத்தில் தடுப்பவனின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாதிக்குப் பாதி ஆறரை மீட்டர். அதற்குள் ஏழு பேர் நிற்கிறார்கள், எதிரி ஒருவர், அவருக்கு 30 நொடி. ஏழு பேருக்கு ஒருவர் என்றால் தடுப்பவர்களுக்குத்தான் வசதி என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அந்த 30 நொடியில் எப்போது, எங்கே, யாரிடம் என்று தீர்மானிப்பது ரெய்டர். அவருக்குப் பதில் சொல்வது மட்டுமே தடுப்பவனின் வேலை. கேள்வி முடியும் முன் பதில் சொன்னால் அவுட், முடிந்த பிறகு சொன்னாலும் அவுட். நடுவில் இமைப்பொழுது ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு கார்னருக்கு வருடக்கணக்கில் ஆகிறது. தஞ்சாவூர் மண்ணிலிருந்து போன தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குத் தலைவராக நின்று புரோ கபடிக் கோப்பையை வாங்கியபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. ரெய்டர்கள் இருபதுகளில் உச்சிக்குப் போய்விடுகிறார்கள். தடுப்பவனுக்கு நரைக்கத் தொடங்கும்போதுதான் கை சரியான நேரத்தில் நீள்கிறது.

எங்கள் களத்தில் மூன்று மொழியில் கூச்சல் கேட்கும். தமிழன் ‘பிடி’ என்பான். எல்லை தாண்டினால் கன்னடத்தில் அதே சொல் ‘ஹிடி’. நம் பால் அங்கே ஹாலு ஆவது போல. தெலுங்கு பேசுகிறவர்கள் ‘பட்டு’ என்பார்கள், நம் பற்றுதான் அது. கைபிடி என்பதுதான் கபடி ஆயிற்று என்று சொல்கிறவர்களும் உண்டு. சரியோ தவறோ, இந்த ஆட்டத்தின் உயிர் பிடியில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் சொல்கிற பேச்சு அது.

இடைவேளையில் நான் பையனை மாற்றத் தீர்மானித்தேன். அணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. கடுமையாகவும் பேசினேன். ‘கண்ணைத் தொறந்துதான் நிக்கிறியாடா’ என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவன் முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான், தட்ட மண் இல்லாமல் போன பிறகும். அப்போது எங்கள் ரைட் கவர் குறுக்கே வந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு. பட்டறையில் லோடிங் வேலை. அவர் உயரத்துக்கும் வயதுக்கும் வேறு யாராக இருந்தாலும் கபடியை விட்டு நாலு வருடம் ஆகியிருக்கும். ‘உண்டனீ அண்ணா’ என்றார். இருக்கட்டும் விடுங்கள் என்று அர்த்தம். பிறகு தமிழில், ‘அவன் போனா நாங்க எடுத்து உள்ள விடறோம். நீங்க மாத்தாதீங்க.’

அந்த வாக்கியத்தின் முழுப் பொருள் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

இரண்டாம் பாதியில் நடந்தது இது. பையன் அவுட் ஆவான், கோட்டுக்குப் பின்னால் போவான். அடுத்த ரெய்டிலோ அதற்கடுத்ததிலோ அந்தப் பெரியவர், அழகே இல்லாத ஒரு பிடியால், தோளைக் கொடுத்து, எதிரணியின் வேறு ஏதோ ஒரு ரெய்டரைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவார். பையன் எழுந்து உள்ளே வருவான். மறுபடி அந்த பெங்களூர்க்காரர் வருவார், மறுபடி பையன் போவான். மறுபடி பெரியவர். அவர் உதடு கிழிந்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டார். கடைசி ஐந்து நிமிடத்தில் பையன் ஒரு தடவை அந்த ரெய்டரின் தொடையை இரண்டு கையாலும் வளைத்தான். அவர் தப்பிவிட்டார், ஆனால் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரமம் தெரிந்தது. நாங்கள் தோற்றோம், பெரிய வித்தியாசத்தில். பையனின் கணக்கில் அந்த ஆளுக்கு எதிராக ஒரு பிடிகூட ஏறவில்லை.

ஆட்டம் முடிந்து, குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற ரெய்டர் அவனைக் கூப்பிட்டார். ‘தம்பி, பாரோ இல்லி.’ போனான். அவர் பெங்களூர்த் தமிழில் சொன்னார்: ‘நீ பாயறதுக்கு முன்னாடி உன் இடது தோள் எறங்குது. அதப் பாத்துதான் நான் கால எடுக்கறேன். உன் கையெல்லாம் நான் பாக்கறதே இல்ல.’ சொல்லிவிட்டுத் தன் தோளை இறக்கிக் காட்டினார். பையன் தலையாட்டினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதம் தினமும் மாலையில் அவனைப் பயிற்சியில் பார்த்தவன் நான். அந்தத் தோளை நான் பார்த்ததில்லை. ஏழு தடவை அவனைத் தோற்கடித்த ஆளுக்குத்தான் அது தெரிந்திருந்தது.

அவனை நல்ல ரெய்டர் ஒருவர் கையில் அன்றே ஒப்படைத்தது நல்லதாய்ப் போயிற்று என்று பிறகு நினைத்துக்கொண்டேன். சுமாரான ரெய்டர் வந்திருந்தால் அந்தத் தோள் இறங்கினபடியே அவன் பத்துப் பேரைப் பிடித்திருப்பான். தன் தப்பு என்னவென்று தெரியாமலே ஒரு வட்டாரத்துக்குப் பெரிய ஆளாகியிருப்பான்.

பெரிய அரங்குகளிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 2017 புரோ கபடி லீக்கில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணியின் பலமே தடுப்பு. சுரேந்தர் நாடா, மோஹித் சில்லர் என்று பெயர் போன கைகள் அந்த அணியில். அந்த அணிக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டத்தில் பாட்னாவின் பர்தீப் நர்வால் ஒற்றை ஆளாக 34 புள்ளி எடுத்தார். ஒரே ரெய்டில் 8 புள்ளி. கை கோத்து நிற்கும் சங்கிலிக்கு அடியில் குனிந்து, தண்ணீரில் முங்கி எழுவதுபோல் மறுபக்கம் எழுந்துவிடுவார். அதனால்தான் அதற்கு டுப்கி என்று பெயர். ஆட்டம் 69-30இல் முடிந்தது. இரண்டு வருடம் கழித்து, 2019 அக்டோபரில், அதே ஹரியானாவுக்கு எதிராக பெங்களூரு புல்ஸின் பவன் செராவத் 39 ரெய்டு புள்ளி எடுத்தார். தமிழ் தலைவாஸுக்கு நிகராகப் புல்ஸுக்கும் கைதட்டும் ஊர் எங்களுடையது. அன்றிரவு ஓசூர் டீக்கடைகளில் அதுதான் பேச்சு. எனக்குத் தூக்கம் வரவில்லை. 39 என்ற எண்ணைத் தடுப்பவன் பக்கமிருந்து படித்தால் அது வேறு கதை. எத்தனை தடவை எத்தனை பேர் எழுந்து போய் உட்கார்ந்திருப்பார்கள்! அவர்கள் யாரும் திறமை குறைந்தவர்கள் இல்லை.

மெல்போர்னில் இருக்கும் என் அக்கா மகன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது அங்கே ஃபுட்டி என்று அவர்கள் சொல்லும் ஆட்டத்தைக் கைபேசியில் காட்டினான். முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர். ஒரு முன்கள ஆட்டக்காரர் தாவி, தன்னை ஒட்டி நின்ற இளம் தடுப்பாளனின் தோளுக்கு மேலே ஏறி, பந்தை வானத்தில் பிடித்தார். கோல், 6 புள்ளி. அந்தப் பையன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி அதே ஆளின் பக்கத்தில் போய் நின்றான். ‘வெளிய போக வேண்டியதில்லையா?’ என்று கேட்டேன். ‘எதுக்கு மாமா? அங்கயே நின்னு அடுத்ததும் வாங்கணும்’ என்றான்.

கபடியிலும் அப்படி ஒரு வகை இருந்தது. பழைய விதிகளில் மூன்று வகை சொல்வார்கள். அமர் கபடியில் தொடப்பட்டவன் வெளியே போக வேண்டியதில்லை, எதிரணிக்குப் புள்ளி மட்டும் ஏறும். காமினி கபடியில் போனவன் போனவன்தான். மொத்த அணியும் அவுட் ஆகும் வரை உள்ளே வர முடியாது. மூன்றாவது சஞ்சீவனி. போனவன் வெளியே உட்கார்ந்திருப்பான், தன் அணி எதிரணியில் ஒருவனை வீழ்த்தினால் இவன் எழுந்து வரலாம். இன்றைக்கு உலகம் ஆடும் கபடி, 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமாக நுழைந்த கபடி, இந்தச் சஞ்சீவனி வழியில் வந்தது. இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலில் போனவன்தான் முதலில் உள்ளே வர வேண்டும். கடைசியாகப் போன நட்சத்திர ரெய்டர் வரிசையைத் தாண்ட முடியாது. இன்னொன்று, போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கிற புள்ளி பலகையில் ஏறும், ஆனால் அதனால் யாரும் உயிர் பெற மாட்டார்கள். ஒருவன் தன் சாமர்த்தியத்தால் தனியாகச் சம்பாதித்த புள்ளி அது, உட்கார்ந்திருப்பவனை எழுப்பும் சக்தி அதற்கு இல்லை.

முப்பது வருடம் இந்த விதிகளைத் தெரிந்துவைத்திருந்தேன். அந்த ஜனவரிக்குப் பிறகுதான் அவற்றை யோசித்தேன். தோல்விதான் ஆசான் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பையனுக்கு அன்று தோல்வி கற்றுக்கொடுத்தது என்னவோ உண்மை. ஆனால் ஏழு தடவை கற்றுக்கொள்ள அவன் ஏழு தடவை உள்ளே இருந்தாக வேண்டும். முதல் தடவை அவன் தானாக உள்ளே நின்றான். மற்ற ஆறு தடவையும் அவனை உள்ளே கொண்டுவந்தது வேறு யாரோ. அவன் பாடத்துக்கான கூலியைத் தோளிலும் உதட்டிலும் கட்டியது அந்தப் பெரியவர். காமினி விதியில் ஆடியிருந்தால் அவன் முதல் பாடத்தோடு கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். கை ஆசை காட்டினால் கையைப் பார்க்காதே என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் இடைவேளையில் செய்யப் பார்த்தது அதைத்தான்.

என்னையும் ஒருமுறை வேறொருவர் உள்ளே கொண்டுவந்திருக்கிறார். 1993இல் நான் சேலத்திலிருந்து ஓசூருக்கு வந்தேன். முதல் மாதம் லேத்தில் விட்டார்கள். ஒரு ராத்திரி ஷிப்டில் அளவைத் தப்பாகப் படித்து, நாற்பது பீஸின் போர் ஓவர்சைஸ். சிறியதாகிவிட்டால் மறுபடி கடைந்துகொள்ளலாம். பெரியதாகிவிட்ட துளைக்கு வைத்தியம் இல்லை. நாற்பதும் ஸ்க்ராப் தொட்டிக்கு. விடிந்தால் வேலை போய்விடும் என்று மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மெஷினில் ஆனேக்கல்காரர் ஒருவர். அதுவரை என்னோடு பேசினதில்லை, நான் பேசிய தமிழும் அவருக்கு அரைகுறை. அவர் வந்து தொட்டியைப் பார்த்தார். ‘ஆகுத்தே பிடு’ என்றார். ஆகும், விடு என்று அதற்குப் பொருள். கன்னடத்தில் விடு என்பது பிடு. எனக்கு அது பிடி என்று கேட்டது. மறுபடி வேலையைப் பிடி என்கிறார் என்று நினைத்து எழுந்து மெஷினுக்கு வந்தேன். ஷிப்ட் முடிந்து பஸ் போன பிறகும் அவர் நின்று, மெட்டீரியல் வாங்கி, என் நாற்பதில் பாதிக்கு மேல் கடைந்து கொடுத்துவிட்டு, அத்திப்பள்ளிப் பக்கம் போகிற லாரி ஒன்றில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் நல்ல டர்னர் என்று இந்தப் பேட்டையில் எனக்குப் பேர் உண்டு. அந்தப் பேரில் இருபது பீஸுக்கு மேல் அவருடையது.

பவன் செராவத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 2022இல் தமிழ் தலைவாஸ் அவரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த லீக்கில் அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அக்டோபர் 8, பெங்களூரு கண்டீரவா அரங்கம், முதல் ஆட்டம், குஜராத்துக்கு எதிராக. ரெய்டு போவதற்காக வாங்கப்பட்டவர், எதிரணி ரெய்டர் சந்திரன் ரஞ்சித் வந்தபோது தானே பிடிக்கப் பாய்ந்தார். முழங்கால் போயிற்று. சீசனே முடிந்தது அவருக்கு. அத்தனை தடுப்பவர்களைக் கோட்டுக்குப் பின்னால் அனுப்பியவர், ஒரு பிடிக்காகத் தரையில் கிடந்ததைப் பார்த்தபோது நான் வாய்விட்டு ‘ஐயோ’ என்றேன். பிடிக்கப் போவது எவ்வளவு ஆபத்தான வேலை என்று ஒரு ரெய்டரின் முழங்கால் சொல்லிற்று.

அதற்கு முன் நான்கு சீசனில் ஒருமுறைகூடப் பிளே-ஆஃப் பார்க்காத அணி தலைவாஸ். தலைவர் வெளியே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைகழுவினார்கள், நானும்தான். ஆனால் சாகர் ராட்டி, சாஹில் குலியா என்ற இரண்டு இளம் கார்னர்கள் பிடித்தார்கள். அந்த வருடம்தான் லீக்குக்கு வந்த நரேந்தர் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். அணி அரையிறுதி வரை போய், புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. பவன் மறுவருடம் தெலுங்கு டைட்டன்ஸுக்கு இன்னும் அதிக விலைக்குப் போனார். 2023 ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைவராகத் தங்கம் வாங்கினார். அந்தத் தங்கம் அவருடையதுதான். ஆனால் அவர் நடக்கப் பழகிக்கொண்டிருந்த மாதங்களில் அவர் விட்டுப்போன இடத்தில் யார் யாரோ நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பிடிகளும் நினைவில் இருக்கின்றன.

தேன்கனிக்கோட்டைக்காரர் இப்போது ஆடுவதில்லை. தோள் விட்டுப்போயிற்று. ஆட்டம் பார்க்க மட்டும் வருவார், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். அவரிடம் ஒருநாள் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். ‘எது அண்ணா? நாம தோத்தமே, அதுவா?’ என்றார். அவருக்கு அது ஒரு காரியமாகவே படவில்லை.

பையன் இப்போது நிரந்தர வேலையில் இருக்கிறான். தோளை அடக்க அவனுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. கண்ணாடி முன் நின்று பழகினான் என்று அவன் அறைக்காரர்கள் சொன்னார்கள். இந்தப் பொங்கலுக்குப் பாகலூர் பக்கம் ஆடினோம். புதிதாக ஒரு பையன் ரைட் கார்னரில், தர்மபுரியிலிருந்து வந்தவன், அவனும் அப்ரண்டிஸ். பத்து நிமிடத்துக்குள் இரண்டு தடவை போய் உட்கார்ந்தான், தலை நிமிரவே இல்லை. அடுத்த ரெய்டில் எதிரணி ஆள் இடது பக்கம் சாய்ந்து வந்தான். எங்கள் பையன் தோளை அசைக்கவில்லை. காத்திருந்தான், எனக்கு மூச்சு முட்டும் அளவுக்குக் காத்திருந்தான். பிறகு கணுக்கால் அவன் இரண்டு கைக்குள் இருந்தது. கவர் வந்து விழுந்தது, விசில் ஊதியாயிற்று, கூட்டம் மூன்று மொழியில் கத்தியது. அவன் இன்னும் மண்ணில் குப்புறக் கிடந்தான். பிடித்த காலை விடாமலே கழுத்தை மட்டும் பின்னால் திருப்பி, கடைசிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், தர்மபுரிப் பையன் எழுந்துவிட்டானா என்று.